துகளுக்குச் சிகிச்சை

தங்கம் மஞ்சள் நிறம் என்பது பாலர் வகுப்பிலேயே நாம் கற்ற பாடம். ஆனால் அதே தங்கம் மிக மிகச் சிறியதாகிவிட்டால் மஞ்சளாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். அப்படி முப்பது, நாற்பது நானோமீட்டர் குறுக்களவே உள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் மிதந்தால் அந்தத் தண்ணீர் மாதுளை முத்துப் போலச் சிவந்து விடுகிறது. இதற்காக யாரும் தங்கத்தை அம்மியில் வைத்து அரைப்பதில்லை. தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தின் உப்பைச் சிறிது சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் நிறம் மாறிச் சிவப்பு வந்துவிடுகிறது. 1951-ஆம் ஆண்டு முதல் பெயர்பெற்ற முறை இது.

இச்சிவப்பை முறையாக ஆராய்ந்து முதலில் எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. 1857-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தயாரித்த தங்கக் கரைசல்களுள் சில இன்றும் அங்கே கண்ணாடிக் குப்பிகளில் பாதுகாக்கப்படுகின்றன. கரைசலின் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதன் பாதை பளிச்சென்று தெரிவதைக் கண்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றன என்று அவர் முடிவு கட்டினார். எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒளியியல் பாடத்தில் வரும் டிண்டால் ஒளிச்சிதறல் இதுவே. தங்கத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஒரு தம்ளர் தண்ணீரில் நான்கு சொட்டுப் பால் விட்டு, வகுப்பறைச் சன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். பாதை அழகாகத் தெரிந்தது. (ஐந்தாவது சொட்டு விட்டதும் எல்லாம் வெண்மையாகிப் போயிற்று.)

இந்தச் செந்தங்கத்தை இப்போது நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்கிறோம், பார்த்தோம் என்று அறியாமலே. கொரோனாக் காலத்தில் மூக்கினுள் குச்சியை விட்டு எடுத்து, ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டையில் சொட்டு விட்டார்களே, அதில் தோன்றிய சிவப்புக் கோடு பல அட்டைகளில் தங்கத் துகள்களால் ஆனது. அட்டைக்குள் இருப்பது ஒரு நீண்ட காகிதப் பட்டை. அதன் ஒரு முனையில் தங்கத் துகள்கள் உலர்ந்து கிடக்கும். ஒவ்வொரு துகளின் மேலும் வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள் பூசப்பட்டிருக்கும். சொட்டு விழுந்ததும், மை உறிஞ்சும் தாளில் மை ஊறுவது போல, திரவம் துகள்களையும் சுமந்து கொண்டு பட்டையில் ஊறிச் செல்கிறது. வழியில் ஒரு கோட்டில் அதே புரதத்தைப் பிடிக்கும் இன்னொரு காவல் இருக்கிறது. வைரஸ் இருந்தால் துகள்கள் அங்கே சிக்கிக் குவியும். குவியல் பெரிதானால் கோடு சிவக்கும். வைரஸ் இல்லாவிட்டால் துகள்கள் அக்கோட்டைக் கடந்து போய், சோதனை ஒழுங்காக நடந்தது என்று காட்டும் இரண்டாவது கோட்டில் மட்டும் தங்கும்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்குப் பூந்தமல்லியில் இப்படி ஒரு சோதனை நடந்தது. ஒரே கோடுதான் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பாட்டி அன்றிரவு வழக்கம் போலக் கூடத்தில் தாத்தாவின் கட்டிலுக்கு அருகில் பாய் விரித்துப் படுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, மறுபடியும் சளி எடுத்து ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் பெரிய சோதனைக்கு அனுப்பியபோது நோய் இருப்பது தெரிந்தது. பாட்டி பிழைத்துக் கொண்டார்கள். தாத்தா மருத்துவமனையிலிருந்து வரவில்லை. தோழி இதை எங்களிடம் சொல்லும்போது அழவில்லை. “அந்த இரண்டாவது கோடு இருந்திருக்குமோ, எங்களுக்குத்தான் தெரியலையோன்னு பாட்டி இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

பாட்டியின் கேள்வி வீணான கேள்வி அல்ல. 2020 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதன்முதலாக இவ்வகைச் சோதனை அட்டை ஒன்றை அனுமதித்தபோது அதன் திறனையும் வெளியிட்டது. நோயில்லாதவருக்கு நோய் உண்டு என்று அது தவறாகச் சொல்வது மிக அரிது. நூறு பேருக்கு ஒருவர் கூட இல்லை. ஆனால் நோயுள்ள நூறு பேரில் அது கண்டுபிடித்தது 50.6 முதல் 84 பேர் வரையே. ஆகவேதான் அறிகுறி உள்ளவருக்கு ஒரு கோடு மட்டும் வந்தால் கட்டாயமாக ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்றும் அதே அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். தவறுவதற்குக் காரணங்கள் பல. நோய் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று, குச்சியை எவ்வளவு ஆழம் விட்டார்கள் என்பவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். தங்கத் துகள் ஒன்றின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனாலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. கோடு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அங்கே போதுமான சிவப்பு குவிந்தாக வேண்டும் அல்லவா?

இங்கேதான் துகளின் அளவு முக்கியமாகிறது. துகள் பெரிதானால் ஒவ்வொன்றும் அதிக நிறம் தரும், ஆனால் காகிதத்தின் நுண்துளைகளில் தட்டித் தடுமாறும். மிகச் சிறிதானால் வேகமாக ஓடும், நிறம் போதாது. ஒரே தொகுதியில் பெரிதும் சிறிதும் கோணலுமாகக் கலந்து கிடந்தால் இன்று செய்த அட்டையின் கோடும் நாளை செய்த அட்டையின் கோடும் ஒன்றுபோல் இரா. பள்ளிக் கண்காட்சியில் இதைக் காட்ட நாங்கள் ஜவ்வரிசியைக் கையாண்டோம். ஒரு தட்டில் ஒரே அளவு ஜவ்வரிசி, மற்றொன்றில் பெரிதும் சிறிதும் நொறுங்கியதும் கலந்தது. இரண்டுக்கும் சிவப்புச் சாயம். இரண்டையும் வலை தைத்த சரிவுப் பலகையில் உருட்டி விட்டால், முதலாவது ஒரு நேர்க்கோடாக வந்து நின்றது. இரண்டாவது பாதி வழியிலும் பாதி தரையிலுமாகப் போயிற்று. தரையைப் பெருக்கியவர்களும் நாங்களே.

துகள்களை ஒரே சீராக்குவது எப்படி என்று கேட்டால், விஞ்ஞானிகள் தரும் விடைகளுள் ஒன்று எங்கள் ஊரில் பலருக்கும் பழக்கமான ஒன்றுதான். அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறைகள் பல உண்டு. எங்களில் ஒருத்தியின் தந்தை அப்படி ஒன்றில் வேலை செய்கிறார். ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை உள்ளே அனுமதிப்பார்கள் என்பதால் நாங்கள் நால்வரும் போனோம். அன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் மாலையும்தான், ஓட்டம் கிடையாது. ஆகவே அவர் தம் கைப்பேசியில் முன்பே எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். செப்புக் குழாயை வளைத்து ஒரு சுருள். சுருளே உருகிவிடாமலிருக்கக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறது. சுருளின் நடுவே ஓர் இரும்புத் தண்டு நிற்கிறது. சுருள் தண்டைத் தொடவே இல்லை, நெருப்பும் இல்லை. பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் தண்டு செக்கச் செவேலென்று ஆகிறது! உடனே தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். தோல் மட்டும் கடினமாகிறது, உள்ளே இரும்பு பழையபடி இருக்கிறது.

“உலையில வெச்சா முழுசும் சூடாகும், வளைஞ்சுபோகும். இதுல எங்க வேணுமோ அங்க மட்டும்தாம்மா சூடு” என்றார் அவர்.

சுருளில் ஓடும் மின்சாரம் திசை மாறி மாறி அதிர்வதால் காந்தப்புலமும் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் இரும்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் இரும்பைச் சுடுகிறது. மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்தவரும் நம் ஃபாரடேதான். செந்தங்கக் குப்பியையும் இச்செப்புச் சுருளையும் தந்தவர் ஒருவரே என்று தெரிந்ததும் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தேர்வில் அவரைப் பற்றி இரண்டு மதிப்பெண் கேள்விதான் வருகிறது என்பது வேறு விஷயம்.

“அங்கிள், இந்தச் சுருளுக்குள்ளே தங்கத் துகளை வைத்தால்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்தார். மறுநாள் எங்கள் விஞ்ஞான ஆசிரியை சிஸ்டரிடம் கேட்டபோது அவர்கள் சிரிக்கவில்லை. “அவ்வளவு சின்ன தங்கத்துக்கு ஒளிதான் சுருள்” என்றார்கள். அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

விளங்கியது இதுதான். ஒளியும் மின்காந்த அலையே. தங்கத் துகளுக்குள் எலெக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிகின்றன. ஒளி அலை வந்து மோதும்போது அவை எல்லாம் சேர்ந்து இப்புறமும் அப்புறமும் ஊஞ்சல் ஆடுகின்றன. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால்தான் உயரப் போகும். உருண்டையான சிறு தங்கத் துகளுக்குப் பொருத்தமான நேரம் பச்சை ஒளியின் அதிர்வு, அதாவது விநாடிக்கு ஐந்தரைக் கோடி கோடி முறைக்கும் மேல். பச்சையைத் துகள் விழுங்கிவிடுவதால் மிஞ்சும் ஒளி சிவப்பாகத் தெரிகிறது. விழுங்கிய பச்சை என்ன ஆகிறது? சூடாகிறது. ஆகவே பச்சை லேசர் கதிரை மிகச் சிறு துடிப்புகளாகச் செலுத்தினால் சுற்றிலும் உள்ள தண்ணீர் முழுவதும் கொதிக்கும் முன்பே தங்கம் மட்டும் உருகும் அளவுக்குச் சூடேறும். உருகிய துளி, மழைத்துளியைப் போல, தானே உருண்டையாகிவிடும். 1998-லேயே ஜப்பானில் இம்முறையால் பெரிய தங்கத் துகள்களைச் சிறியவையாக்கிக் காட்டினார்கள்.

இதைவிட எங்களை வியக்க வைத்தது 2017-இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த வேலை. அங்கே குச்சி வடிவத் தங்கத் துகள்களை எடுத்துக் கொண்டார்கள். குச்சியின் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்து அது விழுங்கும் நிறம் மாறும். அவர்கள் லேசரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபெம்டோ விநாடி என்னும் நம்ப முடியாத சிறு துடிப்புகளில் அளவோடு செலுத்தினார்கள். அந்நிறத்தைப் பலமாக விழுங்கும் குச்சிகள் சற்றே இளகித் திருந்தின. மற்றவை தப்பின. எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. கதிரே தனக்கு வேண்டியதைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறது! தண்டைத் தொடாமல் சுடும் சுருளுக்கும் இதற்கும் அளவில்தான் வேற்றுமை என்று எங்களுக்குப் பட்டது.

வேறு அலைகளும் உண்டு. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலை இருக்கிறது. பாலை அடுப்பில் வைத்தால் அடியில் தீய்ந்து மேலே ஆறியிருக்கும். மைக்ரோவேவ் தண்ணீரின் உள்ளேயே சூட்டை உண்டாக்குவதால், துகள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பிறந்து ஒரே அளவாக வளர வாய்ப்பு அதிகம். அதிலும் சூடு கூடிய இடம், குறைந்த இடம் என்று உண்டு. இல்லாவிட்டால் உள்ளே தட்டு எதற்குச் சுழல வேண்டும்? ஆராய்ச்சியாளர்கள் அதற்கெனச் செய்த பாத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் யாரும் முயல வேண்டாம் என்பது சிஸ்டரின் கட்டளை. இரும்பு ஆக்சைடுத் துகள்களுக்குக் காந்தப்புலமே போதும். கொரோனாச் சோதனைக்கூடங்களில் மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கப் பல இடங்களில் பயன்பட்டவை காந்தத் துகள்கள்தாம்.

வெள்ளியின் கதை தனி. 2001-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருண்டையான வெள்ளி நானோத் துகள்களைச் சாதாரணக் குழல் விளக்கின் ஒளியில் பல மணி நேரம் வைத்தார்கள். மஞ்சளாக இருந்த கரைசல் பச்சையாகி, பிறகு நீலமாயிற்று. உருண்டைகள் முக்கோணத் தகடுகளாக மாறிவிட்டிருந்தன. நம் வகுப்பறையில் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த அதே குழல் விளக்கு! கூர்மையான மூலைகளில் ஒளியின் புலம் செறிவதால், இத்தகைய துகள்கள் இராமன் விளைவு கொண்டு நோயை அறியும் முறைக்கு மிகவும் ஏற்றவை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928 பிப்ரவரி 28-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் இயல்பில் மிக மங்கலானது. கரடுமுரடான வெள்ளியின் மேல் அது பல மடங்கு பெருகுவதை 1970-களில்தான் கண்டார்கள். இரத்தத்தில் மிகச் சிறு அளவில் உள்ள பொருளையும் அதன் இராமன் கோடுகளைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்று உலகெங்கும் முயன்று வருகிறார்கள்.

பாட்டியின் கேள்விக்கு மிக அருகில் வரும் விடையை நாங்கள் கடைசியாகத்தான் கண்டோம். அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை நோயைக் காட்டும் அட்டைகளை எடுத்து, கோடு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை லேசரை அடித்தார்கள். கண்ணுக்குச் சிவப்பே தெரியாத இடத்திலும், அங்கே சில துகள்கள் சிக்கியிருந்தால், அவை சூடாகும். அச்சூட்டை அகச்சிவப்புக் கருவியால் அளந்தார்கள். கண்ணால் பார்ப்பதைவிட 32 மடங்கு நுட்பமாக நோயைக் காண முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடு உண்மையாகவே இருக்கக்கூடும். இதைத் தோழியிடம் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம். அவளே அதைப் படித்துவிட்டு, பாட்டியிடமும் சொல்லியிருந்தாள். “அப்ப என் கண்ணுக் கோளாறு இல்லை” என்று பாட்டி சொன்னார்களாம்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மின்காந்தம் என்றதும் மூட்டுவலி போக்கும் காந்த வளையல், காந்த மெத்தை என்று விளம்பரம் செய்கிறவர்களை நினைத்துவிடக் கூடாது. நாங்கள் எழுதியது நோயாளிக்குத் தரும் சிகிச்சையைப் பற்றி அல்ல. சிகிச்சை துகளுக்கு! திருந்திய துகள் நோயைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. சோதனைக்கூடத்தில் வென்ற முறைகளெல்லாம் மருந்துக்கடை அட்டைக்கு வந்துவிட்டன என்றும் எண்ண வேண்டாம். அட்டையின் பெருமையே அது மலிவு, மின்சாரம் வேண்டாம், கிராமத்துச் செவிலியரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லலாம் என்பதுதான். அதற்குப் பக்கத்தில் லேசரையும் அகச்சிவப்புக் கருவியையும் வைத்தால் செலவு ஏறும். துகள் செய்யும் இடத்திலேயே கதிரால் திருத்திவிட்டால் அட்டை பழையபடி எளிமையாக இருக்கும். எங்களுக்கு இந்த வழியே மேல் என்று தோன்றுகிறது. சிஸ்டர் இரண்டும் வேண்டும் என்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

கண்காட்சிக்குத் தொழிற்பேட்டை அங்கிளும் வந்திருந்தார். ஜவ்வரிசிப் பலகையை இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, தம் தொழிலுக்கே உரிய கேள்வியைக் கேட்டார். “நாங்க ஒவ்வொரு தண்டையும் கேஜ் வெச்சுப் பார்த்துத்தான் அனுப்புவோம். இது ஒரு பாட்டில்ல எத்தனை பீஸ் இருக்கும்?” நாற்பது நானோமீட்டர்த் துகள் என்றால் ஒரு மில்லிலிட்டரிலேயே பல ஆயிரம் கோடி இருக்கும் என்றோம். “அத்தனையும் ஒரே சைஸ்னு யார் பார்த்துச் சொல்றது?”

சிஸ்டர் விடை சொன்னார்கள். கரைசலின் வழியே எல்லா நிறமும் கலந்த ஒளியைச் செலுத்தி, எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று வரைபடம் போடுவார்கள். துகள்கள் ஒன்றுபோல் இருந்தால் அதில் எழும் மலை ஒடுங்கியிருக்கும். கோணலும் மாணலும் கலந்திருந்தால் மலை அகன்று படுத்துவிடும். ஒரே பார்வையில் அத்தனை ஆயிரம் கோடியும் சேர்ந்து பதில் சொல்லிவிடும்.

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, “இந்த மிஷினை எங்க கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க சிஸ்டர், எங்க இன்ஸ்பெக்டர் பாவம், மூணு பொண்ணு அவருக்கு” என்றார்.